பெண்ணுக்கு மட்டும்தானா பல்வரிசை?



கொஞ்ச நாள் முன்பு இந்தப் பகுதியில் ஒரு சகோதரி கேட்டிருந்தார். "என் மகளுக்கு 13 வயது. மேல் பல் கொஞ்சம் எடுப்பு. இப்போதே கிளிப் போட்டால் கல்யாண வயசுக்குள் சரியாகிவிடுமா?" என்று. அதற்கு நாலைந்து பேர் பதில் எழுதியிருந்தீர்கள். எல்லாருமே ஒரே மாதிரிதான். "உடனே போட்டுவிடுங்கள், பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் சிரிப்பைத்தான் பார்ப்பார்கள்" என்று. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் மூன்று வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன். சொன்னதன் பலனை என் மகன் பல்லில் பார்த்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பத்தாவது வரை படித்தவள். எங்கள் ஊர் குப்பனூர். சேலத்திலிருந்து அயோத்தியாபட்டணம் வழியாக ஏற்காட்டுக்குப் போகிற இரண்டாவது மலைப்பாதை எங்கள் ஊரில் இருந்துதான் ஏறும். வீட்டுக்காரர் மலைக்குக் காய்கறி, மளிகை லோடு ஏற்றிப் போகிற மினி லாரி ஓட்டுகிறார். வீட்டில் ஒரு கறவை மாடு உண்டு. அந்தப் பால் காசுதான் என் கையில் புரளும் பணம். பெரியவள் பெண், இப்போது 15 வயது. சின்னவன் பையன், 12 வயது.

பெரியவளுக்கு மேல் வரிசையில் வலது பக்கம் ஒரு கோரைப்பல் மேலே ஏறி நிற்கும். சிங்கப்பல் என்போமே, அதுதான். சிரித்தால் தெரியும், அவ்வளவுதான். சாப்பிடுவதற்கோ பேசுவதற்கோ ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரம்மா ஒருத்தி, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு, அந்தப் பல்லுதான்..." என்று இழுத்தாள். அவ்வளவுதான், என் மாமியாருக்குத் தூக்கம் போய்விட்டது. "பாப்பாவுக்குப் பல்லைச் சரி பண்ணிடு. பொம்பளப் புள்ள" என்று தினமும் பேச்சு. நானும் பால் காசில் சீட்டுக் கட்டி, எடுத்து, டவுனில் ஒரு கிளினிக்கில் 30,000 ரூபாய் பேசி, தவணையில் கட்டி, கிளிப் போட்டேன். அப்போது அவளுக்கு 12 வயது.

அதே சமயம் சின்னவனுக்கு 9 வயது. அவனுக்கு மேல் முன்பல் இரண்டும் நன்றாகவே வெளியே துருத்திக்கொண்டு இருக்கும். உதடு மூடாது. மூட வேண்டுமென்றால் வலிய இழுத்துத்தான் மூட வேண்டும். கீழ் உதடு எப்போதும் மேல் பல்லுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். தெருப் பிள்ளைகள் 'முயலு' என்று கூப்பிடுவார்கள். ஒரு நாள் வீட்டுக்காரரிடம், "ஏங்க, இவனையும் அந்த டாக்டர்கிட்ட காட்டலாமுங்களா?" என்று கேட்டேன். "ஆம்பளப் பயலுக்குப் பல்லு எப்படி இருந்தா என்ன? மீசை வளந்தா மறைஞ்சுக்கும்" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும் இல்லையா? அவர் மட்டும் சொன்னதாக எழுதினால் அது பொய். எனக்கும் அப்படித்தான் பட்டது.

போன வருஷம் ஒரு சாயங்காலம் தெருவில் ஓடிப் பிடித்து விளையாடினான். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பாசியில் வழுக்கி, திண்டில் முகம் குப்புற விழுந்தான். கையை ஊன்றுவதற்குள் பல் போய் முட்டிவிட்டது. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். முன்பல்லில் ஒன்று பாதி உடைந்துவிட்டது. பால் பல் இல்லை சகோதரிகளே, முளைத்து நாலு வருஷம் ஆன நிலைப்பல். உடைந்த துண்டை அவனே கையில் வைத்துக்கொண்டு அழுதபடி வந்தான்.

அதை என் மாமியார் வாங்கி என்ன செய்தார் தெரியுமா? பால் பல் விழுந்தால் செய்கிற மாதிரி சாணியில் உருட்டி ஓட்டு மேல் எறிந்துவிட்டார்! நாங்கள் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே உதட்டுக்குத் தையல் போட்டு, பல் டாக்டரிடம் போகச் சொன்னார்கள். பல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "உடைஞ்ச துண்டு எங்கேம்மா?" என்பதுதான். துண்டு இருந்தால் பல நேரம் அதையே ஒட்டிவிடலாமாம். நான் ஓட்டுக் கதையைச் சொன்னதும் அவருக்குக் கோபப்படவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. நல்ல வேளையாக நரம்பு வரை போகவில்லை. பல் நிறத்திலேயே பூசிக் கட்டிக் கொடுத்தார்.

இதை எல்லாத் தாய்மாரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பல் துண்டாக உடைந்தால் துண்டைப் பாலிலோ தண்ணீரிலோ போட்டுக் கையோடு கொண்டு போங்கள். முழு நிலைப்பல்லே வேரோடு கழன்று விழுந்துவிட்டால், வேர்ப் பக்கம் கையால் தொடாமல், வெள்ளைப் பக்கத்தைப் பிடித்து எடுத்து, காய்ச்சாத பாலோ காய்ச்சி ஆறிய பாலோ எதுவானாலும் சரி, அதில் போட்டு, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் பல் டாக்டரிடம் போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் போனால் அதே குழியில் திரும்ப நிறுத்திவைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறதாம். தேய்த்துக் கழுவக் கூடாது. பால் பல்லை மட்டும் திரும்ப வைப்பதில்லை. அது பாட்டிக்கே, ஓட்டு மேலேயே போகட்டும்.

என் நாத்தனார் மகள் பி.டி.எஸ். படிக்கிறாள். விஷயம் கேள்விப்பட்டு வந்தவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அத்தை, தப்பா நினைச்சுக்காதீங்க. அக்காளுக்குப் போட்டது அழகுக்கு. தம்பிக்குப் போடாதது ஆபத்துக்கு" என்றாள். முன்பல் ரொம்பத் துருத்தி இருக்கிற பிள்ளைகளுக்கு விழுந்தால் பல் அடிபடுகிற வாய்ப்பு மற்ற பிள்ளைகளைவிட அதிகம் என்று அவர்கள் பாடத்திலேயே இருக்கிறதாம். உதடுதான் பல்லுக்கு மெத்தை. உதடு மூடாத பிள்ளைக்கு அந்த மெத்தை இல்லை. யோசித்துப் பார்த்தால் எவ்வளவு சாதாரண விஷயம். ஓடுவதும் விழுவதும் ஆண்பிள்ளைகள்தான் அதிகம். ஆனால் கிளிப் என்றால் பெண்பிள்ளைக்கு என்று முடிவு கட்டி வைத்திருக்கிறோம்.

அவளே எங்களை ஒரு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பார்த்தார். "பொண்ணுக்குப் போட்டதுல தப்பில்லைம்மா. ஆனா அவ காத்திருக்கலாம், பெரியவளாகி அவளா ஆசைப்பட்டப்புறம்கூட போட்டிருக்கலாம். இவன் காத்திருக்கக் கூடாது. வளர்ற வயசு போயிட்டா திரும்பி வராது" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது.

சின்னவனுக்கு மேல் பல் மட்டும் வெளியே வரவில்லையாம், கீழ்த் தாடையும் கொஞ்சம் பின்தங்கி இருக்கிறதாம். பிள்ளை வளர்கிற காலத்தில், உயரம் சட்டென்று கூடுகிற பருவத்தில், அதைக் கழற்றி மாட்டுகிற கருவியால் சரிசெய்ய வழி உண்டு. வளர்ச்சி நின்ற பிறகு என்றால் வேலை கஷ்டம், மோசமான நிலையில் ஆபரேஷன் வரைகூடப் போகலாம். அவனுக்குக் கொடுத்த கருவிக்கு 'ட்வின் பிளாக்' என்று பேர். மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு கட்டை. வாயை மூடினால் கீழ்த் தாடை முன்னால் வந்துதான் உட்கார முடியும்.

அதைக் கண்டுபிடித்த கதையை டாக்டரம்மா சொன்னார். 1977-ல் ஸ்காட்லாந்து நாட்டில் வில்லியம் கிளார்க் என்ற டாக்டரிடம் ஒரு பையன் வந்தான். அவருக்குத் தெரிந்த இன்னொரு பல் டாக்டரின் மகனாம். கீழே விழுந்து முன்பல் கழன்றுவிட்டது. பல்லைத் திரும்ப வைத்தாலும், கீழ் உதடு மேல் பல்லுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டே இருந்தது. அந்தப் பல்லைக் காப்பாற்றத்தான் அவர் இந்த இரட்டைக் கட்டையை யோசித்தாராம். கேட்கக் கேட்க எனக்கு ஆச்சரியம். பல் டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கே விழுந்த பிறகுதான் வைத்தியம் நடந்திருக்கிறது! மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

முதல் ஒரு வாரம் சின்னவன் படுத்தியபாடு கொஞ்சமில்லை. எச்சில் ஒழுகும், 'ச' வராது, 'சாம்பார்' என்பதை அவன் சொல்வதைக் கேட்டு அக்காள் உருண்டு புரண்டு சிரிப்பாள். சாப்பிடும்போதும் கழற்றக் கூடாது என்றார்கள். பல் துலக்கவும் கருவியைக் கழுவவும் மட்டும்தான் கழற்றலாம். பத்து நாளில் பழகிவிட்டது. இதற்குப் பிறகு அவனுக்கும் கம்பி போட வேண்டியிருக்குமாம். சரி, போடுவோம்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நாளைக்கே ஏழு வயசுப் பிள்ளைக்கெல்லாம் கம்பி மாட்ட ஓடாதீர்கள். நாத்தனார் மகள் அவள் படிக்கிற விஷயத்தில் இருந்து எடுத்துச் சொன்னாள். உலகத்தில் நடந்த பல ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்க்கிற கோக்ரேன் என்ற அமைப்பு 2013-லும், மறுபடி 2018-லும் இதைப் பற்றி அறிக்கை கொடுத்திருக்கிறது. துருத்திய முன்பல்லுக்குச் சின்ன வயதிலேயே வைத்தியம் ஆரம்பித்தால் கிடைக்கிற லாபம் முக்கியமாக ஒன்றுதான்: பல் அடிபட்டு உடைவது குறைகிறது. மற்றபடி கடைசியில் பல் வரிசை அமைவதில், பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் ஒரே தடவையாகச் செய்துகொண்ட பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையாம். ஆகவே யாராவது, "இப்பவே போடலைன்னா கெட்டுப்போயிடும்" என்று அவசரப்படுத்தினால், "எதுக்காக இப்பவே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சரியான காரணம் இருந்தால் சொல்வார்கள்.

ஆனால் காட்டுவது வேறு, போடுவது வேறு. அமெரிக்காவில் உள்ள பல் சீரமைப்பு டாக்டர்கள் சங்கம் 7 வயதுக்குள் ஒரு தடவை பிள்ளையைக் காட்டிவிடச் சொல்கிறது. காட்டினால் பெரும்பாலும் "போயிட்டு அடுத்த வருஷம் வாங்க" என்றுதான் சொல்வார்களாம். பெரியவளுக்கு 8 வயதில் மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவே அரிசி போகிற அளவு இடைவெளி இருந்தது. பல்லும் விசிறி மாதிரி விரிந்து நின்றது. நான் பயந்துபோய் நூல் கட்டினால் சேருமா என்றுகூட யோசித்தேன். (யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள். நூலோ ரப்பரோ ஈறுக்குள் ஏறி, பல்லே ஆடிப்போகுமாம்.) கோரைப்பல் இறங்கியதும் அந்த இடைவெளி தானாகவே மூடிக்கொண்டது. அந்தப் பருவத்துக்கு டாக்டர்கள் வைத்திருக்கிற பேரே, கதையில் வருகிற 'அழகில்லாத வாத்துக்குஞ்சு' பேர்தானாம். பின்னால் அன்னமாகிவிடும்.

நாம் கவனிக்காமல் விடுகிற இன்னொன்று ஆறாம் வயசுக் கடைவாய்ப்பல். எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும். விழுந்து முளைக்காததால் அதையும் பால் பல் என்று நினைத்து, சொத்தையானாலும் "விழுந்துடும் விடு" என்று விட்டுவிடுகிறோம். அது விழாது. ஆயுசுக்கும் அதுதான். அதேபோல் பால் கடைவாய்ப்பல் சொத்தையாகிச் சீக்கிரமே பிடுங்க வேண்டி வந்தால், பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாய்ந்து வந்துவிடும். பிறகு நிலைப்பல் முளைக்க இடம் இல்லாமல் கோணலாக வரும். பிடுங்கும்போதே, "இடம் காக்க ஏதாவது போடணுமா டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள். ஒரு சின்ன வளையக் கம்பி போதுமாம். பின்னால் பெரிய செலவு மிச்சம். முன்பல் முளைத்த பிறகும் விரல் சூப்புகிற பிள்ளை, தூங்கும்போது வாயைத் திறந்து மூச்சு விடுகிற பிள்ளை, இவர்களையும் காட்ட வேண்டும். சின்னவன் வாயால்தான் மூச்சு விடுவான். மூக்கு, தொண்டை டாக்டரையும் ஒரு தடவை பார்த்துவரச் சொல்லி அனுப்பினார்கள்.

இனி பெரியவள் கதைக்கு வருகிறேன். கிளிப் என்றால் ஒரு நாள் போய் மாட்டிக்கொண்டு வருவது என்றுதான் நான் நினைத்தேன். முதலில் எக்ஸ்ரே, வாய்க்குள் மாவு வைத்து அச்செடுப்பது. அப்புறம், இடம் போதவில்லை என்று நல்ல பல் நாலு பிடுங்க வேண்டும் என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொத்தை இல்லாத பல்லை எதற்குப் பிடுங்க? நெருக்கமான வாயில் இடம் உண்டாக்க அதுவும் ஒரு முறைதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். எல்லாருக்கும் பிடுங்குவதில்லை. ஆனால் இதை முதல் நாளே படத்தைக் காட்டிச் சொல்லியிருந்தால் நான் இரண்டு ராத்திரி அழுதிருக்க மாட்டேன். பணம் பாதி கட்டின பிறகுதான் சொன்னார்கள்.

அந்தக் கிளினிக்கில் எங்களுக்குக் கசந்த விஷயம் இன்னொன்று. கிளிப் போடுகிற டாக்டர் அங்கேயே இருப்பவர் இல்லை. மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார். இரண்டு வருஷத்தில் மூன்று பேர் மாறினார்கள். ஒரு தடவை பின்பக்கக் கம்பி விலகிக் கன்னத்தில் குத்தியது. போன் பண்ணினால், "அடுத்த ஞாயிறு டாக்டர் வருவார்" என்றார்கள். நாலு நாள் பிள்ளை கஞ்சிதான் குடித்தாள். குத்துகிற இடத்தில் வைத்துக்கொள்ள மெழுகு ஒன்று உண்டு என்பதே எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பின்னால் மெடிக்கலில் சாதாரணமாகக் கிடைத்தது. ஆகவே பணம் பேசுவதற்கு முன் இதைக் கேளுங்கள்: டாக்டர் இந்தப் படிப்புப் படித்தவரா? பல் டாக்டர் எல்லாரும் பி.டி.எஸ். அதற்கு மேல் மூன்று வருஷம் பல் சீரமைப்புக்கென்றே எம்.டி.எஸ். படித்தவர்களை ஆர்த்தோடான்டிஸ்ட் என்கிறார்கள். கடைசிவரை அவரே பார்ப்பாரா, நடுவில் கம்பி அறுந்தால் யார் பார்ப்பார்கள், பேசின தொகையில் கடைசியில் போடுகிற ரீடெய்னரும் சேர்த்தியா என்று கேளுங்கள். கேட்டால் நம்மைக் கோபிப்பார்களோ என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மாம்பழம் வாங்கும்போது பத்து தடவை முகர்ந்து பார்க்கிறோமே!

வீட்டு வேலை என்று பார்த்தால் அந்த இரண்டு வருஷமும் அம்மாவுக்குத்தான். டாக்டர் மாசத்தில் பத்து நிமிஷம் பார்ப்பார். மீதி 29 நாள் நம் கையில். சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும் துலக்க வேண்டும். கம்பி இடுக்குக்கென்று பாட்டில் கழுவுகிற மாதிரி குட்டி பிரஷ் இருக்கிறது. துலக்காவிட்டால் கம்பியைக் கழற்றும்போது பல் வரிசையாக இருக்கும், ஆனால் பட்டன் ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றி வெள்ளைத் திட்டு விழுந்திருக்கும். அது போகவே போகாது என்றுகூடச் சொல்லலாம். பெரியவளுக்குக் கீழ்ப் பல்லில் இரண்டு இடத்தில் அப்படி இருக்கிறது. அதற்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது.

சாப்பாட்டில் முறுக்கு, கடலை மிட்டாய், கரும்பு, ஐஸ் கட்டி, ஒட்டுகிற சாக்லேட் எல்லாம் கூடாது. எங்கள் சேலத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய சோதனை தட்டுவடை செட்! பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாலே பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு நாள் ஆசைப்பட்டுத் தின்று இரண்டு பட்டன் உதிர்ந்துவிட்டது. அப்புறம் நானே தட்டுவடையை நொறுக்கிச் சட்னியில் ஊறவைத்துக் கொடுத்தேன். "இதுக்குப் பேரு தட்டுவடை இல்லம்மா, தட்டுவடைக் கஞ்சி" என்றாள். கொய்யா, ஆப்பிளைக் கடிக்காமல் சின்னதாக நறுக்கித் தரலாம். ராகிக் களிதான் எங்களுக்குக் கைகொடுத்தது. வயிறும் நிறையும், பல்லுக்கும் வேலை இல்லை. ஒவ்வொரு தடவை கம்பி முறுக்கி வந்த பிறகும் இரண்டு மூன்று நாள் பல் கூசும், கடிக்க முடியாது. அந்த நாட்களில் பரீட்சை வராமல் தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கம்பியைக் கழற்றின அன்று வீட்டில் கேசரி கிண்டினோம். எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. கழற்றின பல் பழைய இடத்துக்கே ஓடப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் ரீடெய்னர். முதலில் நாள் முழுக்க, பிறகு ராத்திரி ராத்திரி, டாக்டர் சொல்கிறவரை. பெரியவள் ஒரு தடவை பேப்பரில் சுற்றி வைத்ததை நான் குப்பை என்று அடுப்பில் போட்டுவிட்டேன். புதுசு செய்து வருவதற்குள் பல் நகர ஆரம்பித்துவிட்டது. டப்பாவில்தான் வைக்க வேண்டும் என்று வீட்டில் இப்போது சட்டம்.

இன்னொரு சந்தேகமும் எங்கள் பக்கத்தில் அடிக்கடி கேட்பார்கள். தருமபுரிப் பக்கத்திலும், சேலம் மாவட்டத்தில் சில ஊர்களிலும் தண்ணீரில் புளோரைடு அதிகம். சின்ன வயதில் அந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததே இதற்காகத்தான். கிளிப் போட்டால் அந்தக் கறை போகுமா என்று என் சித்தியே கேட்டார். போகாது. கிளிப் பல்லை நகர்த்தும், நிறத்தை மாற்றாது. கறைக்கு வைத்தியம் வேறு.

பணத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்தால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. பல் மருத்துவக் கல்லூரிகளில் தனியார் கிளினிக்கைவிடச் செலவு குறைவாக இருக்கும். எம்.டி.எஸ். படிக்கிற டாக்டர்கள் செய்வார்கள், பெரிய டாக்டர்கள் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். என்ன, நேரம் ஆகும். காலையில் போனால் மத்தியானம் ஆகிவிடும். சேலத்துக்காரர்களுக்கு அரியானூரில் விநாயகா மிஷன்ஸ் சங்கராச்சாரியார் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அது தனியார் கல்லூரி. அரசுக் கல்லூரி என்றால் சென்னையில் 1953-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி, சிதம்பரத்தில் ஒன்று, 2023-ல் புதுக்கோட்டையில் வந்த ஒன்று. மாசா மாசம் போக வேண்டிய வைத்தியம் என்பதால் பக்கத்தில் எது இருக்கிறதோ அதுதான் நல்லது. பஸ் செலவையும், போகிற நாள் கூலி போவதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். டவுன் பஸ்ஸில் எனக்கும் மகளுக்கும் டிக்கெட் இல்லை, சின்னவனுக்கு மட்டும்தான் எடுக்க வேண்டும். "பாத்தியாம்மா, எனக்குன்னா மட்டும் காசு" என்று அதற்கும் ஒரு தடவை முறுக்கிக்கொண்டான்.

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது.

கல்யாணத்துக்காகப் பெண்ணுக்குக் கிளிப் போடலாமா என்று கேட்ட சகோதரிக்கு என் பதில் இதுதான். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பல் துருத்தி இருந்தால் அது பெண்ணுக்கும் ஆபத்துத்தான், கடிப்பதற்கும் சுத்தம் பண்ணுவதற்கும் கஷ்டம்தான், நாலு பேர் முன்னால் வாயைக் கையால் மூடிக்கொண்டே பேசுகிற பிள்ளையின் மனசும் ஒரு காரணம்தான். ஆனால் வரப்போகிற யாரோ ஒரு மாப்பிள்ளைக்காக என்று மட்டும் அவள் காதுபடச் சொல்லாதீர்கள். பெரியவள் இரண்டு வருஷம் எல்லா வலியையும் பொறுத்துக்கொண்டவள், பாட்டி ஒரு நாள், "உன் புருஷன் இதுக்கெல்லாம் எனக்கு நன்றி சொல்லணும்" என்றதும், "அப்ப பல்லு என்னோடது இல்லையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. கிளிப் வேண்டுமா என்று நாங்கள் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளாகப் பிடிவாதமாக விரும்பியிருந்தால் அந்தக் குட்டி பிரஷ்ஷை எடுக்கச் சொல்லித் தினமும் நான் கத்த வேண்டியிருந்திருக்காது.

உங்கள் மகளைக் காட்டப் போகிற அன்று, வீட்டில் பையன் இருந்தால் அவனையும் கூடக் கூட்டிப்போங்கள். வாயைத் திறந்து காட்டுவதற்குப் பெரிசாகச் செலவு ஆகிவிடாது. யாருக்கு முதலில் வேண்டும் என்பதை டாக்டர் சொல்லட்டும், கல்யாண வீட்டில் வந்த சொந்தக்காரம்மா சொல்ல வேண்டாம்.

சின்னவனுக்கு இப்போது உதடு மூடுகிறது. தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், மூடித்தான் இருக்கிறது. வரும் வியாழக்கிழமை அவனை மறுபடி கூட்டிப்போக வேண்டும். இந்தத் தடவை தானே வருவதாகச் சொல்லி, அவன் அப்பா அன்றைக்கு லோடு எடுக்கவில்லை.

- ஒரு வாசகி,
குப்பனூர், சேலம் மாவட்டம்.